சோயா ஒத்துக்கொள்ளாத பிள்ளை: தாயைக் குறை சொல்வதை நிறுத்துவோம்



மாதத்தில் ஒரு நாள் நமது டிவிஷன் பிள்ளை மடுவத்தில் நிறை பார்க்கும் நாள். தராசைக் கூரைக் கம்பில் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி வைப்பார்கள். நிறை ஏறியிருந்தால் தாயின் முகம் மலரும். இறங்கியிருந்தால் அவள் தலை குனிவாள். சில மாதங்களுக்கு முன் அப்படித் தலை குனிந்து நின்ற ஓர் இளம் தாய் பிறகு நம்மிடம் வந்து சொன்னது இது: "டீச்சர், கிளினிக்ல குடுத்த சத்துமாவ நாங்க மாட்டுக்குப் போட்டுட்டோம்னு பேசுறாங்க. புள்ளைக்கு ஊட்டுனா ரெண்டு மணித்தியாலத்துல எல்லாத்தையும் கக்கிப்புட்டு துவண்டு போயிருது. அத யார்கிட்ட போய் சொல்ல?"

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் சாக்குச் சொல்கிறாள் என்று நம்மில் சிலரே நினைத்தோம். பிள்ளைக்கு வயது ஒன்றும் இரண்டு மாதமும். ஒன்பதாம் மாதத்தில் மாவு ஊட்டத் தொடங்கினார்கள். முதல் தடவை வாந்தி எடுத்தபோது சளி என்றார்கள். இரண்டாம் தடவை கண்ணூறு என்று பாட்டி திருஷ்டி கழித்தார். மூன்றாம் தடவை தாய் பயந்துபோய் மாவை நிறுத்தினாள். ஒரு நாள் மடுவத்தில் சோற்றோடு சோயா மீட் கறியைப் பிசைந்து ஊட்டினார்கள். அன்றும் அதேதான். வாந்தி, வெளிறிய முகம், தூங்கி விழும் உடம்பு. தோலில் ஒரு தடிப்புக்கூட இல்லை. அதனால் 'ஒவ்வாமை' என்ற சொல் யாருக்கும் தோன்றவில்லை.

மாதர் சங்கத் தலைவியும் நாமும் தாயோடு நகரத்து வைத்தியசாலைக்குப் போனோம். பிள்ளை வைத்தியர் ஊசி போடுவதற்கு முன், சோதனை எழுதுவதற்கு முன், கேள்விகளையே கேட்டார். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் கழித்து, எத்தனை தடவை? பால் தேத்தண்ணி ஒத்துக்கொள்கிறதா? ஆம், தினமும் குடிக்கிறது. யோகட்? ஆம். அவித்த சோளம்? ஆம். பருப்பு? ஆம். அப்படியானால் மாவிலும் கறியிலும் பொதுவாக இருப்பது என்ன? சோயா. நோயின் பெயரை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். நமக்கு விளங்கும்படி சொன்னது இதுதான்: குடல் சோயாவின் புரதத்தை ஏற்க மறுக்கிறது, இது தாயின் குற்றமல்ல, மாவின் குற்றமுமல்ல.

சோயாவை நிறுத்தினார்கள். முட்டையும் பருப்பும் நெத்தலியும் கூட்டினார்கள். இரண்டு மாதத்தில் வளர்ச்சிக் கோடு மேலே திரும்பியது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. யாரிடம் சொல்வது? இந்த இதழின் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

சம்பளத்தையும் சேமலாப நிதியையும் பேசவேண்டிய இடத்தில் பிள்ளைச் சாப்பாட்டை ஏன் பேசுகிறீர்கள் என்று சில தோழர்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது 31.7 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்றே வைத்துக்கொள்ளலாம். இத்தனை பிள்ளைகள் குள்ளமாகவும் மெலிந்தும் இருக்கும் இடத்தில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் மெலியும் ஒரு பிள்ளை கூட்டத்தில் மறைந்துபோகும். 'தோட்டத்துப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று கடந்துபோவார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிளினிக்குக்குப் போனால் அரைப்பேர் போகும். பிள்ளையை நகரத்துக்குக் கொண்டுபோனால் முழுப்பேரும் போகும், பஸ் காசும் போகும். பிரட்டுக்குப் போவதா, பிள்ளையைப் பார்ப்பதா என்ற நிலையில் தாயை நிறுத்துவது உழைப்பின் நிபந்தனைகள். ஆகவே இது தொழிற்சங்கப் பிரச்சினையே.

சோயா எதிரியல்ல

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் மாவைக் கொட்டிவிட வேண்டாம்.

நமது வீடுகளில் சோயா மலிவான புரதம். காய்ந்த சோயா அவரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பங்கு புரதம். பருப்பில் ஏறத்தாழ 24. எண்ணெய் நீக்கிச் செய்யும் சோயா மீட்டில் பாதிக்குப் பாதி. இறைச்சியும் மீனும் எட்டாத விலைக்குப் போன நாட்களில் நம் கறிச்சட்டியைக் காப்பாற்றியது அதுதான். 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷாவில் சோளம், சோயா, பால்மா, அவற்றோடு உயிர்ச்சத்துகளும் கனிமங்களும் சேர்க்கப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அது இலவசமாகக் கிடைப்பது நமது நாட்டின் நல்ல காரியங்களில் ஒன்று. அது ஒழுங்காகக் கிடைக்கவேண்டும் என்பதும் நமது கோரிக்கைதான்.

சோயா ஒவ்வாமை அரிது. மேற்கு நாடுகளின் கணக்குப்படி ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கு பேருக்கு அது இருக்கலாம். மற்ற எல்லோருக்கும் சோயா நல்ல சாப்பாடு. ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் நம் பிள்ளை என்றால், ஆயிரத்தில் நான்கு என்ற கணக்கு நமக்கு ஆறுதல் தராது.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஒத்துக்கொள்ளாமை ஒரே மாதிரி வருவதில்லை. மூன்று வகையைத் தாய்மாரும் ஆயம்மாமாரும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

முதல் வகை உடனே வரும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி. கடுமையானால் குரல் கம்மும், மூச்சு இழுக்கும், பிள்ளை மயங்கும். இது உயிராபத்து.

இரண்டாவது வகை தாமதித்து வரும். சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணித்தியாலம் கழித்துத் தொடர்ந்து வாந்தி, வெளிறுதல், துவண்டுபோதல். சில பிள்ளைகளுக்குப் பின்னர் வயிற்றோட்டமும் வரும். தோலில் எதுவும் தெரியாது. நாம் மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்தது இதுதான். சாப்பாட்டுக்கும் வாந்திக்கும் இடையில் நேரம் போய்விடுவதால், இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. நீரிழந்து துவண்ட பிள்ளையையும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மூன்றாவது வகை மெதுவானது. கைக்குழந்தைகளின் மலத்தில் சளியும் இரத்தக் கீறலும், நாட்கணக்கில் வயிற்றோட்டம், நிறை ஏறாமை.

ஆனால் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் சோயா மட்டும் காரணமல்ல. பசும்பால் ஒவ்வாமைக்கும் இதே அறிகுறிகள்தான். சத்துமாவில் பால்மாவும் சோயாவும் சேர்ந்தே இருக்கலாம். பூச்சி, அசுத்தத் தண்ணீர், கரைத்து நேரம் கழித்து ஊட்டிய மாவு ஆகியவையும் வாந்தி, வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். லயத்துக்கு வரும் தண்ணீரின் நிலை நமக்குத் தெரியும். ஆகவே ஒரு தடவை வாந்தி எடுத்ததும் சோயா ஒவ்வாமை என்று முடிவுகட்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே சாப்பாட்டுக்குப் பிறகு அதே மாதிரி வந்தால் சந்தேகப்படவேண்டும்.

அதற்கு நல்ல கருவி ஒரு பழைய அப்பியாசக் கொப்பி. திகதி, என்ன சாப்பிட்டது, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு, பிறகு என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. இவ்வளவையும் எழுதிவையுங்கள். எழுதவராத தாய் பாடசாலை போகும் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதவைக்கலாம். தடிப்பு வந்தால் போனில் படம் எடுங்கள். வைத்தியர் பார்க்கும்போது தடிப்பு மறைந்திருக்கும். சாப்பிட்ட பொருளின் பொதியை எறியாமல் கொண்டுபோங்கள். நம் தாயிடம் வைத்தியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்ததால்தான் காரணம் வெளிப்பட்டது.

பெரிய வைத்தியசாலைகளில் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் உண்டு. அவை உடனே வரும் முதல் வகைக்கு உதவும். தாமதித்து வரும் வகைகளை அவை காட்டமாட்டா. சோதனையில் அடையாளம் தெரிந்தாலும், சாப்பிட்டு எதுவும் நடக்காத பிள்ளையிடம் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது. தனியார் இடங்களில் காசு வாங்கி நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தத்தில் 'ஒத்துவரும், ஒத்துவராது' என்று பட்டியல் தரும் ஐ.ஜி.ஜி. சோதனைகளை ஒவ்வாமை வைத்தியர்கள் ஏற்பதில்லை. அதற்குக் கடன் வாங்காதீர்கள்.

எதில் சோயா இருக்கிறது?

சோயா மீட், சோயா பால், சோயா மா, டோஃபு ஆகியவற்றில் பெயரே சொல்லிவிடும். பெயர் சொல்லாமல் ஒளிந்திருக்கும் இடங்களே தொல்லை. கொத்துக்கும் ஃப்ரைட் ரைசுக்கும் ஊற்றும் சோயா சோஸ், சில சொசேஜஸ், கட்லட், ரோல்ஸ், சூப் கட்டி, சில பிஸ்கட்டும் பனிசும், காலைச் சாப்பாடாக விற்கும் சத்துமா வகைகள், 'புரத மா' என்று டின்னில் வரும் பவுடர்கள் ஆகியவற்றில் பார்க்கவேண்டும். பொதியில் 'வெஜிடபிள் புரோட்டீன்', 'டெக்ஸ்சர்ட் வெஜிடபிள் புரோட்டீன்', 'ஹைட்ரோலைஸ்ட் வெஜிடபிள் புரோட்டீன்' என்று இருந்தால் அது பெரும்பாலும் சோயாவாக இருக்கலாம்.

இரண்டு பொருள்களைப் பற்றித் தேவையில்லாத பயம் உண்டு. நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் ஏறத்தாழ இல்லை. லெசித்தின் என்ற பொருள், சிலவேளை 322 என்ற இலக்கத்தோடு, சொக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் இருக்கும். அதிலும் புரதம் மிகச் சிறிதளவே. சோயா ஒவ்வாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இவை இரண்டும் எதுவும் செய்வதில்லை. ஆனாலும் கடுமையாக மூச்சிழுத்த பிள்ளை என்றால், வைத்தியரிடம் கேட்டே கொடுக்கவேண்டும்.

பருப்பு, பயறு, கௌப்பி, கடலை எல்லாம் சோயாவின் சொந்தக்காரர்கள்தான். அதற்காக அவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். சோயா ஒவ்வாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு மற்றப் பயறு வகைகள் ஒத்துக்கொள்ளும். பருப்பையும் பறித்துவிட்டால் நம் பிள்ளையின் தட்டில் மிஞ்சுவது ரொட்டியும் சம்பலும்தான்.

மருந்துக் கடைச் சத்துகள்

பிள்ளை மெலிந்திருந்தால் நாம் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்கு. விளம்பரத்தில் பார்த்த டின் ஒன்றை நாட்சம்பளத்துக்கும் கூடிய விலைக்கு வாங்குகிறோம். அந்த டின்களில் பலவற்றின் புரதம் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ வருவது. 'சத்து' என்ற சொல்லை நம்பி வாங்கி, நோயையே மீண்டும் ஊட்டிய வீடுகள் இருக்கின்றன.

உயிர்ச்சத்து ஏ, டி, ஈ போன்றவை எண்ணெயில் கரையும். ஆகவே மென்மையான குளிசைக்குள் எண்ணெய் இருக்கும். அது பல வேளைகளில் சோயா எண்ணெய். சுத்திகரித்த எண்ணெய் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை என்று மேலே சொன்னோம். ஆனாலும் எந்தச் சொட்டு மருந்தோ குளிசையோ பாணி மருந்தோ கொடுக்கமுன் 'என் பிள்ளைக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் முன்பக்கத்திலேயே அதை எழுதித் தரும்படி குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கிளினிக்கில் தரும் உயிர்ச்சத்துகளை நீங்களாகவே நிறுத்தவேண்டாம். கேட்டு, விளங்கி, கொடுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத கைக்குழந்தைக்கு 'அப்படியானால் சோயாப் பால் கொடு' என்று பக்கத்து லயத்தில் சொல்வார்கள். பால் ஒவ்வாத பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் சோயாப் பால்மா தரக்கூடாது. கடையில் பக்கற்றில் விற்கும் சோயாப் பானம் எந்தக் கைக்குழந்தைக்கும் தாய்ப்பாலுக்குப் பதிலாகாது. பிறந்ததிலிருந்து தைரொயிட் குறைபாட்டுக்கு மருந்து குடிக்கும் பிள்ளைகள் இருந்தால், சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும் பெற்றோர் தெரிந்திருக்கவேண்டும். மருந்தையும் சோயாவையும் எவ்வளவு நேரம் இடைவெளி விட்டுக் கொடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். தாய் சோயாவைத் தவிர்க்கவேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையாது. மடுவம் இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அது யாரும் போடும் பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை. கொழுந்து நிறை குறைகிறது என்று எந்தக் கங்காணியும் அதை மறுக்கமுடியாது. மறுத்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தட்டில் என்ன வைப்பது?

சோயாவை எடுத்தால் அதன் இடத்தை நிரப்பவேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். காய்ந்த பருப்பு 50 கிராமில் ஏறத்தாழ 12 கிராம். அரிசியையும் பயறையும் தனித்தனியே வறுத்து அரைத்துச் சலித்து வைத்தால் அதுவே வீட்டுச் சத்துமா. குரக்கன் சேர்த்தால் இன்னும் நல்லது. நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்பிறக்கி, வறுத்து இடித்துப் பிள்ளையின் சோற்றில் தூவலாம். லயத்து வேலியோரம் முருங்கை நட்டால் கீரை வாங்க வேண்டியதில்லை. பிள்ளையின் கூழில் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ தேங்காய் எண்ணெயோ சேர்த்தால், சிறிய வயிற்றுக்குள் கூடிய சக்தி போகும்.

ஒரு விடயத்தை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? தேயிலையை வளர்ப்பவர்கள் நாம். ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். பச்சிளம் பிள்ளைக்குப் போத்தலில் சாயம் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விடுவோம். சாப்பாட்டோடு ஒரு கொய்யாத்துண்டு அல்லது தேசிக்காய்ப் புளி கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

அவசரம் என்றால்

மூச்சு இழுத்தால், குரல் மாறினால், உதடும் நாக்கும் வீங்கினால், பிள்ளை மயங்கினால் வேறு எதற்கும் காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது வர நேரமாகும் பாதை என்றால் தோட்ட லொறியோ ஆட்டோவோ எது கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் உட்காரவிடுங்கள். நடக்கவிடாதீர்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குத் தரும் பாணி மருந்து இந்த நிலையில் பிள்ளையைக் காப்பாற்றாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

தாமதித்து வரும் வாந்தியில், பிள்ளை விழிப்பாக இருந்தால் ஜீவனியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோங்கள். துவண்ட பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.

நாம் கேட்பவை

தாய்மாருக்குப் புத்தி சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலையங்கமும் இன்னொரு குற்றச்சாட்டாகிவிடும். ஆகவே நிர்வாகங்களிடமும் சுகாதாரத் துறையிடமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் நாம் முன்வைப்பவை இவை:

1. சத்துமா ஒத்துக்கொள்ளாத பிள்ளையை வைத்தியர் உறுதிப்படுத்தினால், அதே பெறுமதிக்கு முட்டை, பயறு போன்ற மாற்றுணவு தரப்படவேண்டும். மாவைத் திருப்பிக் கொடுத்த குடும்பம் வெறுங்கையோடு போகக்கூடாது.

2. ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்ற பட்டியல் அடுப்படிச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும். சோயாக் கறிக்குப் போட்ட அகப்பையைப் பருப்புச் சட்டியில் போடக்கூடாது. ஆயம்மாமாருக்கு இதற்கான பயிற்சியும், அந்தப் பயிற்சி நாளுக்குரிய சம்பளமும் வேண்டும்.

3. பாடசாலை மதிய உணவில் சோயாக் கறி உள்ள நாளில் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வேறு கறி வேண்டும். பட்டினி போடுவதும், தனியே உட்காரவைப்பதும் வேண்டாம்.

4. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் காலாவதியாகாத அட்ரினலின் இருக்கவேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் அதைப் போடப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். இரவிலும் ஒரு வாகனம் தயாராக இருக்கவேண்டும். தோட்ட சுகாதாரம் முழுமையாக அரசின் பொறுப்புக்கு வரவேண்டும் என்ற நமது நீண்டகாலக் கோரிக்கையின் ஒரு துண்டு இது.

5. பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் வெட்டப்படக்கூடாது. கிளினிக் துண்டைக் காட்டினால் செக்ரோலில் பேர் விழவேண்டும்.

6. உணவுப் பொதிகளில் சேர்மானங்களும் ஒவ்வாமை எச்சரிக்கையும் நம் தாய்மார் வாசிக்கக்கூடிய தமிழில், பார்க்கக்கூடிய எழுத்தில் இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியதையும் தொடங்கிவிட்டோம். நமது பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வெற்றுப் பொதிகளைக் கொண்டுவந்து, அவற்றில் 'சோயா' எந்த மூலையில் இருக்கிறது என்று தேடும் பாடம் நடக்கிறது. வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதுதான் வீட்டுவேலை. அடுத்த மாதத்திலிருந்து நிறை பார்க்கும் நாளில் மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் இருப்பார். நிறை இறங்கிய பிள்ளையின் தாயிடம் 'மாவை என்ன செய்தாய்?' என்று கேட்பதற்கு முன், 'மாவு கொடுத்தால் பிள்ளைக்கு என்ன நடக்கிறது?' என்று கேட்பார்.

குடும்ப நல உத்தியோகத்தர்களை நாம் குறை சொல்லவில்லை. ஒருவர் எத்தனை டிவிஷனுக்கு ஏறி இறங்குகிறார் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கும் ஆட்கள் போதாது, வாகனம் இல்லை. அவர்களோடு சேர்ந்தே இதைச் செய்யமுடியும்.

கடைசியாக, பயந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. சோயா ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உடனே வரும் வகை ஒவ்வாமை இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏழு வயதுக்குள் அது போய்விட்டது. பத்து வயதுக்குள் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்குப் போய்விட்டது. ஆனால் போய்விட்டதா என்று வீட்டில் கொடுத்துப் பார்க்கக்கூடாது. வைத்தியசாலையில், வைத்தியரின் கண்முன்னே கொடுத்துப் பார்க்கவேண்டும்.

நாம் சொன்ன பிள்ளைக்கும் மூன்று வயதானதும் அப்படிப் பார்ப்பதாக வைத்தியர் திகதி குறித்திருக்கிறார். அன்று தாய்க்கு ஒரு நாள் வேலை போகும். அந்த ஒரு நாள் பேர் செக்ரோலில் விழுகிறதா என்று பார்க்க நாமும் பிரட்டுக் களத்தில் நிற்போம். உங்கள் டிவிஷனிலும் சாப்பிட்டதைக் கக்கி, நிறை ஏறாமல் இருக்கும் பிள்ளை இருந்தால் உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ சொல்லுங்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று இனி எந்தத் தாயும் கேட்கக்கூடாது.